அடியார் திருநாட் குறிப்பு

சைவ நன்மக்கள் ஓராண்டின் நாள்களை எண்ணுமிடத்துத் திங்களையும் கிழமையையும் மட்டும் எண்ணி அமைவதில்லை. சித்திரைச் சதயம் என்ற அளவில் திருநாவுக்கரசு சுவாமிகளும், வைகாசி மூலம் என்ற அளவில் திருஞானசம்பந்த சுவாமிகளும், ஆனி மகம் என்ற அளவில் மாணிக்கவாசக சுவாமிகளும் அவர்தம் நெஞ்சில் எழுந்தருளுவர். நாளும் அடியாரும் ஒன்றுபட்டு நிற்கும் இம்மரபினை ஒட்டி, அவ்வந்நாளுக்குரிய நாயனாரைப் பற்றிச் சிறு குறிப்பொன்று வரைந்து, சைவ நூல் பயிலும் அறிஞர்க்கும் அன்பர்க்கும் அன்றன்று விடுக்கும் வழக்கம் நிலவி வருகின்றது. நல்ல வழக்கமே. ஆயினும் அக்குறிப்புக்கு உரிய இலக்கணம் யாது, வழங்கும் குறிப்புகள் அவ்விலக்கணத்தோடு எவ்வளவிற் பொருந்துகின்றன என்பன ஆராயத்தக்கன.

இவ்வாராய்ச்சி வேண்டுவதற்குக் காரணம் ஒன்று உண்டு. மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்துப் பன்னிரண்டாம் சூத்திரத்தில் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே கண்டு வழிபடுமாறு அருளிச்செய்தனர். அடியாரைச் சிந்தித்தலும் அவர் வரலாற்றைப் பிறர்க்கு எடுத்துரைத்தலும் அவ்வழிபாட்டின்பாற் படுவன. ஆகவே திருநாட் குறிப்பு வெறுஞ் செய்தி அன்று, வழிபாடே ஆகும். வழிபாட்டில் வாடிய பூவை இடலாகாது என்று அஞ்சுவார், வரலாற்றில் பொய்யுரை கலத்தற்கும் அஞ்சுதல் வேண்டும்.

நாள்

குறிப்பின் முதலுறுப்பு நாள். நாயன்மார் திருநாள்கள் எல்லாம் சேக்கிழார் பெருமான் திருவாக்கில் உள்ளன என்று கருதுவார் உளர். அது பொருந்தாது. அப்பரடிகள் திருப்புகலூரில் இறைவன் திருவடி சேர்ந்த நாள் சித்திரைச் சதயம் என்பது பெரியபுராணத்தே வெளிப்படக் கூறப்பட்டது. பெரும்பாலான நாயன்மார்க்கு அங்ஙனம் நாள் கூறப்படவில்லை. அவர்தம் நாள்கள் திருக்கோயில்களிலும் திருமடங்களிலும் வழிவழியாக வந்த குருபூசை மரபினால் அறியப்படுவன.

மரபினால் வந்தன என்றமையால் அவை இகழத்தக்கன ஆகா. அம்மரபு புராணத்தை நுணுகி ஓதிய மரபு என்பதற்குச் சான்றுகள் உள. வைகாசி மூலத்தில் ஞானசம்பந்தர் ஒருவர்க்கே அன்றித் திருநீலநக்கர், முருகர், திருநீலகண்ட யாழ்ப்பாணர் என்னும் மூவர்க்கும் குருபூசை நிகழ்கின்றது. நல்லூர்ப் பெருமணத்துத் திருமணத்தில் எழுந்த சிவச்சோதியில் இம்மூவரும் பிள்ளையாருடன் புகுந்தனர் என்பது புராண வரலாறு. ஒரே நாளில் முத்தி எய்தினார்க்கு ஒரே நாளை மரபு வைத்தது.

இதனினும் நயமுடையது பெருமிழலைக்குறும்பர் திருநாள். சுந்தரமூர்த்தி சுவாமிகளுக்கும் சேரமான் பெருமாளுக்கும் உரிய நாள் ஆடிச் சுவாதி. குறும்பர்க்கு உரியது ஆடிச் சித்திரை. அஃதாவது அதற்கு முந்திய நாள். நம்பியாரூரர் மறுநாள் திருவஞ்சைக்களத்தினின்று கயிலை எய்துவர் என்பதனைத் தம் யோக வலியால் உணர்ந்த குறும்பர், அவரைப் பிரிந்து இவ்வுலகில் ஒருநாளும் வாழ ஒருப்படாராய், அன்றே உடலை நீத்து முன்னதாகச் சிவன் திருவடி சேர்ந்தனர் என்பர் சேக்கிழார். சித்திரைக்கு அடுத்த நாள்மீன் சுவாதி. ஒருநாள் இடைவெளி என்னும் அன்பின் அளவை மரபு நாளாகவே காத்து வைத்துள்ளது. இந்நயத்தை எடுத்துக்காட்டுதலே ஆடிச் சித்திரைக் குறிப்பின் பயன். குறும்பர் வரலாற்றை விரித்தெழுதும் குறிப்புகள் பலவற்றில் இஃது ஒன்றும் காணப்படாமை வருந்தத்தக்கது.

நாளைக் கணிக்குமிடத்தும் கருத்து வேண்டும். நிலவு இருபத்தேழு நாள்மீன்களையும் ஒருமுறை கடக்க ஏறத்தாழ 27⅓ நாள் செல்லும். கதிரவன் இயக்கத்தால் வரும் தமிழ்த் திங்களோ 29 நாள் முதல் 32 நாள் வரை நீள்வது. ஆகலின் திங்களின் தொடக்கத்து வந்த நாள்மீன்கள் சில அதன் இறுதியில் மீண்டும் வரும். ஒரு நாள்மீன் இரு பகல்களில் பரவி நிற்றலும் உண்டு. இவ்விடங்களில் ஒரு தலத்தார் கொள்ளும் நாளும் மற்றொரு தலத்தார் கொள்ளும் நாளும் வேறாதல் இயல்பு. எனவே எந்தத் தலத்து வழக்கை, எந்தப் பஞ்சாங்கத்தை ஒட்டி நாள் குறிக்கப்பட்டது என்று ஒரு சொல்லேனும் கூறாத குறிப்பு, அன்பரை இரு நாள்களுக்கு இடையே அலைவிக்கும். ஆங்கிலத் திங்களின் தேதி ஒன்றனை ஆண்டுதோறும் மாறாத திருநாளாக எழுதிவிடுதல் இதனினும் பெரிய பிழையாம்.

விழாவையும் குருபூசையையும் மயங்கவைத்தல் மற்றொரு பிழை. காரைக்காலில் மாங்கனித் திருவிழா ஆனித் திங்கள் நிறைமதியை ஒட்டி நிகழ்கின்றது. அது அம்மையாரின் வரலாற்று நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டாடுவது. அம்மையார் குருபூசை பங்குனிச் சுவாதி. சீகாழியில் சித்திரையில் நிகழும் திருமுலைப்பால் விழாவும் பிள்ளையார் ஞானப்பால் உண்ட திருவருளைக் கொண்டாடுவதே. அவர்தம் முத்தித் திருநாள் வைகாசி மூலமே. இரண்டனையும் கூறுக, ஒன்றை மற்றொன்றாகக் கூறற்க.

பிற சமயத்தார் முயற்சி

அடியார் வரலாறுகளை நாள் முறையாக நிரல்படுத்தும் முயற்சி சைவர்க்கே உரியதன்று. உரோமைக் கிறித்தவ சமயத்தாரும் இதனை நெடுங்காலம் மேற்கொண்டனர். அவர்கள் தம் அடியார் இறந்த நாளையே, விண்ணுலகிற் பிறந்த நாள் என்னும் கருத்தால், பிறந்தநாள் எனப் பெயரிட்டுக் கொண்டாடுவர். முத்தித் திருநாளைக் குருபூசை நாளாகக் கொள்ளும் சைவ மரபோடு இஃது ஒத்து நோக்கத்தக்கது.

ஏசு சபையைச் சேர்ந்த உரோசுவெய்து என்பார், நாள்தோறும் நினைக்கப்படும் அடியார் அனைவர் வரலாறுகளையும் பழைய ஏடுகளைக் கொண்டு ஆராய்ந்து வெளியிட எண்ணி, எண்ணம் முற்றாமுன் 1629ஆம் ஆண்டில் மறைந்தனர். அப்பணியை ஏற்ற பொல்லாந்து என்பார் 1643இல் சனவரித் திங்களுக்குரிய இரு தொகுதிகளை ஆண்டுவெர்ப்பு நகரத்தில் வெளியிட்டனர். அவர் பெயராலேயே வழங்கும் அறிஞர் குழுவினர் அப்பணியை வழிவழியாக நடத்தினர். 1925இல் வெளிவந்த தொகுதி நவம்பர் 9, 10 ஆகிய இரு நாள்களையே கொண்டது. இருநூற்று எண்பது ஆண்டுக்கு மேற்பட்ட உழைப்பிலும் ஓராண்டின் நாள்கள் முற்றவில்லை. நாட்குறிப்பு எளிதென்று எண்ணுவார் இதனைச் சிந்திப்பாராக.

அக்குழுவினருள் பேப்பெபுரோக்கு என்பார், கார்மேலியர் என்னும் துறவியர் தம் சபையை எலியாசு என்னும் பழைய தீர்க்கதரிசியே நிறுவினார் என்று கூறிவந்த கூற்றுக்குச் சான்றில்லை என எழுதினர். அதனால் எழுந்த பூசலில் 1695இல் இசுபானிய நாட்டுச் சமய நீதிமன்றம் அத்தொகுதிகளைத் தடைசெய்தது. அவர் 1714இல் இறந்தனர். தடை 1715இல் நீங்கியது. அவர் சமயப் பகைவர் அல்லர், துறவியே. அடியாரிடத்து அன்புடைமையாலேயே அவர்மேல் ஏற்றப்பட்ட பொய்யைக் களைந்தனர்.

அக்குழுவிற் பின்வந்த தெலஹே (1859–1941) என்பார், ஓர் அடியாரை உறுதியாக அறிதற்கு இரண்டு நிலைகள் வேண்டும், அவை அவர் வழிபடப்படும் இடமும் நாளும் என்று வரையறுத்தனர். கதைகள் பெருகினும் திரியினும், இவ்விரண்டும் பழைய ஏடுகளில் நிலைத்து நிற்கும் என்பது அவர் கருத்து. சைவ மரபில் இவ்வரையறை முழுதும் பொருந்துவதன்று. அவர்தம் பழைய பட்டியல்கள் பெயரும் இடமும் நாளுமே கூறும், வரலாறு கூறா. திருத்தொண்டத்தொகையோ பெயர் கூறும், சிலர்க்கு ஊரும் செயலும் கூறும், நாள் கூறாது. ஆகவே சைவக் குறிப்பாசிரியர்க்கு முதற்கண் பற்றுக்கோடாவது தொகையின் சொல்லேயாம்.

வரலாறு

குறிப்பின் பேருறுப்பு வரலாறு. இதன்கண் மூன்று படிகள் உள. நம்பியாரூரர் பதினொரு பாட்டில் அருளிய தொகை முதற்படி. நம்பியாண்டார் நம்பிகள் அதனை வகுத்தருளிய திருவந்தாதி இரண்டாம் படி. சேக்கிழார் விரித்தருளிய புராணம் மூன்றாம் படி. தொகை, வகை, விரி என ஆன்றோர் வழங்குவன இவையே. இவற்றின் புறத்தே கல்வெட்டும் திருவுருவமும் சான்றாக நிற்கும். பிற்காலத்து எழுந்த கீர்த்தனையும் நாடகமும் கதையும் வேறொரு வரிசையின. குறிப்பில் இவை வேறு வேறாகத் தோன்றுதல் வேண்டும். ஒன்றன் செய்தியை மற்றொன்றன்மேல் ஏற்றுதலே வழங்கும் குறிப்புகளிற் காணப்படும் தலையாய குற்றம்.

இதற்குத் திருநாளைப்போவார் வரலாற்றினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. புரட்டாசி உரோகிணி தோறும் வழங்கும் குறிப்புகளிற் பல, நந்தனாரை ஒரு வேதியரின் பண்ணையாளாகவும், தில்லை செல்ல விடைகேட்ட அவரை அவ்வேதியர் தடுத்து வயல் வேலையை முடிக்குமாறு கட்டளையிட்டதாகவும், இறைவனருளால் அவ்வயல்கள் ஓரிரவில் விளைந்ததாகவும் கூறிப் பெரியபுராணத்தின் பெயரை இறுதியில் இடுகின்றன. பெரியபுராணத்தில் அவ்வேதியர் இல்லை, அவ்வயல்களும் இல்லை. ஆதனூர்ப் புலைப்பாடியில் தமக்கு உரிமையாய் வந்த நிலத்தின் வருவாயைக் கொண்டு வாழ்ந்தவராகவும், திருக்கோயில்களின் முழவு முதலியவற்றிற்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் கொடுத்துவந்த தொண்டராகவுமே சேக்கிழார் அவரைக் காட்டுவர். திருப்புன்கூரில் இடபதேவர் விலகியதும், நாயனார் ஆங்குக் குளம் தொட்டதும் புராணத்தில் உள்ளன. வேதியர் கதை, 19ஆம் நூற்றாண்டினரான கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் அமைத்தது.

பாரதியார் நூலை இகழ்தல் ஈண்டுக் கருத்தன்று. திருவாவடுதுறை ஆதீன வித்துவானாகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் அந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் அளிக்க முதலில் தயங்கினும், பாரதியார் பாடக்கேட்டு உள்ளம் உருகி அளித்தனர் என்பது அறியப்பட்ட வரலாறு. அந்நூல் உருக்கும் நூல் என்பதில் ஐயமில்லை. அதன் பெருமை அதற்கே உரியது. சேக்கிழார்க்கு அதனை ஏற்றுதல் இருவர்க்கும் இழைக்கும் தவறு. சேக்கிழார் படைக்காத வேதியரைக் கொண்டு சேக்கிழாரைப் பழிப்பாரும் புகழ்வாரும் இக்குறிப்புகளாலேயே தோன்றுகின்றனர்.

இதற்கு மறுதலையான பிழையும் உண்டு. நாயனார் தில்லை எல்லையில் நின்று, தம் பிறவியை நினைந்து உட்புக அஞ்சி, இரவும் பகலும் அவ்வூரை வலம்வந்து வருந்தியமையும், பின் இறைவன் அருளிப்பாட்டின்படி தீயினுள் மூழ்கி எழுந்தமையும் சேக்கிழார் விரித்துக் கூறிய செய்திகள். அவற்றைப் படிப்போர் நெஞ்சம் நொந்து வினாக்கள் எழுப்புதல் இயல்பு. அவ்வினாவை அஞ்சிச் சில குறிப்புகள் எல்லையில் நின்ற துயரையும் தீயையும் விட்டுவிட்டு, நாயனார் தில்லை கண்டு முத்தி பெற்றனர் என்று முடிக்கின்றன. இல்லாததைச் சேர்த்தல் எத்துணைக் குற்றமோ, உள்ளதை மறைத்தலும் அத்துணைக் குற்றம். அந்நாயனார் பட்ட துயரை மறைத்து அவர்தம் திருநாளைக் கொண்டாடுதல் அவரையே மறைத்துக் கொண்டாடுதலாம். புராணம் கூறியதைக் கூறியவாறு கூறி, அதன்மேல் எழும் வினாவை வினாவாகவே அறிஞர் முன் வைப்பதே நேர்மை.

ஆராய்ச்சியால் துணியப்பட்டதைப் புராண வாக்காக எழுதுதலும் விலக்கத்தக்கது. சிறுத்தொண்டர் மன்னன்பொருட்டுப் படைகொண்டு சென்று வாதாபியை அழித்தனர் என்பது புராணம். அம்மன்னன் பெயரைச் சேக்கிழார் கூறவில்லை. பல்லவன் முதலாம் நரசிங்கவர்மன் 642ஆம் ஆண்டளவில் வாதாபியைக் கைப்பற்றிய செய்தியோடு இதனை இயைத்து, அம்மன்னனே இவன் என்று துணிந்தவர் வரலாற்று ஆராய்ச்சியாளர். துணிவு வலியுடையதே, நாயனாரோடும் அவர் போற்றிய ஞானசம்பந்தரோடும் காலம் அறிதற்கு அதனினும் சிறந்த கருவி இல்லை. ஆயினும் சித்திரைப் பரணிக் குறிப்பில், நரசிங்கவர்மன் பெயரைச் சேக்கிழார் கூறியதாக எழுதுதல் தகாது. "புராணம் இவ்வளவு கூறும், ஆராய்ச்சியாளர் இவ்வளவு துணிவர்" என்னும் இரு தொடர்கள் போதும்.

கல்வெட்டுச் சான்று குறிப்புக்கு எத்துணை ஒளி தரும் என்பதற்கும் ஒன்று காட்டலாம். தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுகளில், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கோயிலில் எழுந்தருளுவிக்கப்பட்ட செப்புத் திருமேனிகளுள் மெய்ப்பொருள் நாயனார், சிறுத்தொண்டர், சீராளர் முதலியோர் திருமேனிகளும் கூறப்படுகின்றன. சேக்கிழார் வாழ்ந்த இரண்டாம் குலோத்துங்கன் காலத்துக்கு இது நூறாண்டுக்கு மேல் முற்பட்டது. அவனுக்குப்பின் ஆண்ட இரண்டாம் இராசராசன் எடுப்பித்த தாராசுரத் திருக்கோயிலிலோ நாயன்மார் வரலாறுகள் பெயர்ப் பொறிப்புடன் சிற்ப வரிசையாகவே விளங்குகின்றன. ஆகவே அடியார் வரலாறு சேக்கிழாரால் புனையப்பட்டது என்பார்க்குத் தஞ்சைக் கல்வெட்டு விடையாம். கார்த்திகை உத்திரத்தில் மெய்ப்பொருளார் குறிப்பு வரைவார் இதனைக் கூறின், கற்றார்க்கும் மற்றார்க்கும் அது புதிய பயன் தரும்.

தடையும் விடையும்

அற்றேல், அன்பர்க்கு வேண்டுவது உருக்கமேயன்றிச் சான்று அன்று. இவ்வாறு படி படியாகப் பிரித்து எழுதின் குறிப்பு வறண்டு பத்தியைக் கெடுக்கும் எனின், அற்றன்று. சான்று காட்டுவதாற் பத்தி கெடும் எனில், நூல் காட்டிய நெறியில் நின்ற ஆசிரியரெல்லாம் பத்தியிலர் ஆவர். சேக்கிழார் தாம் எடுத்த புராணத்தைப் பதின்மூன்று சருக்கமாக வகுத்தனர். முதலும் இறுதியும் ஒழிந்த பதினொரு சருக்கங்கட்கும் தொகைப் பாட்டுகளின் முதற் சொற்களையே பெயராக இட்டனர். விரிநூல் செய்வார் தாம் எதன்மேல் நிற்கின்றார் என்பதை ஒவ்வொரு சருக்கத்தின் தலையிலும் அறிவித்த அவர் நெறியினும் உயர்ந்த சான்றுநெறி வேறில்லை. அவர் நூல் உருக்கமிலது என்பார் ஒருவரும் இலர்.

அன்றியும், செய்தி சிறிதாயுள்ள இடத்துக் குறிப்பும் சிறிதாதலே அழகு. சுந்தரரைப் பெற்றெடுத்த இசைஞானியார்க்குச் சேக்கிழார் ஒரு பாட்டே அருளினர். அவர்தம் திருநாளாகிய சித்திரைத் திங்கள் சித்திரையில் அவரது இளமை, கல்வி, இல்லற உரையாடல் என்று பக்கங்கள் எழுதுவார்க்கு அவை எங்கிருந்து கிடைத்தன? திருநாவலூர்ச் சடையனார் மனைவியார். நம்பியாரூரரைப் பெற்ற தாயார். தொகையின் இறுதிப் பாட்டில் மகனாராலேயே பெயர் கூறப்பெற்றவர். புராணத்தில் ஒரு பாட்டுடையவர். இந்நான்கே குறிப்பு. தாம் பாடிய அடியார் வரிசையின் முடிவில் மைந்தர் தம் தாயின் பெயரை வைத்தனர் என்னும் ஒன்று, கற்பனைப் பக்கங்கள் பலவற்றினும் நெஞ்சை உருக்குவதாம்.

நாளும் இடமும் கடந்தார்

நாள்முறைக் குறிப்பினால் நேரும் இழப்பு ஒன்றையும் கூறி அமைதல் வேண்டும். தொகையின் முறை நாள்முறை அன்று. அது தில்லைவாழந்தணர் என்னும் கூட்டத்தாரில் தொடங்கித் தனியடியாரையும் தொகையடியாரையும் விரவி வைத்துச் செல்வது. அதனை உடைத்துச் சித்திரை முதலாக நிரல்படுத்தும்போது தனியடியார் அறுபத்துமூவரும் தத்தம் நாளில் விளங்குவர். தொகையடியார் ஒன்பதின்மரோ நினைவினின்று நழுவக்கூடும். அவருள் அப்பாலும் அடிச்சார்ந்தார் என்பார் ஒரு கூட்டத்தார். மூவேந்தர் தமிழ் வழங்கும் நாட்டுக்கு அப்பால் சிவனடி சார்ந்தாரும், தொகையிற் கூறிய அடியார் காலத்துக்கு முன்னும் பின்னும் அடி சார்ந்தாரும் அவர் எனச் சேக்கிழார் பொருள் விரித்தனர். அவர்க்குக் குறித்த ஊர் இல்லை. குறித்த காலமும் இல்லை. இடமும் நாளும் கொண்டே அடியாரை அறிதல் கூடும் என்னும் மேனாட்டார் வரையறை இவரிடத்துச் செல்லாது. ஆயினும் நம்பியாரூரர் இவர்க்கும் தம்மை அடியேன் என்றனர்.

எனவே நாட்குறிப்பு வரைவார் கடைப்பிடிக்கத்தக்கன சில. நாளை மரபு என்றும், புராணத்தில் உள்ளதாயின் புராணம் என்றும் குறிக்க. தொகை, வகை, விரி மூன்றன் செய்திகளையும் பிரித்துக் காட்டுக. பிற்கால நூற் செய்தியை அந்நூலின் பெயராலேயே கூறுக. ஆராய்ச்சித் துணிவைத் துணிவென்றே கூறுக. நூல் வாய்வாளாதிருந்த இடத்துத் தாமும் வாய்வாளாதிருக்க. திருநாள் ஒன்றும் வாராத நாளில் தொகையடியாருள் ஒரு கூட்டத்தாரை நினைவூட்டுக. அங்ஙனம் வரையப்படும் குறிப்பு, அளவிற் சிறிதாயினும், அடியார் திருவடியில் இடப்பட்ட வாடாத மலராம்.

திருச்சிற்றம்பலம்.